ஸம்ஹா சுகமாக இருந்த நூற்று நான்கு நாட்கள்

மௌத்தாகி நூற்று நான்கு நாட்களான ஒரு பிள்ளை இவ்வளவு சுகமாக இருந்ததாக உலக வைத்திய வரலாற்றில் எங்கும் பதிவில்லை. ஆலங்குடா இன்சாபின் மகள் ஸம்ஹா இருந்தாள். உயிரோடு இருந்த பதினொரு வருடமும் நாளுக்கு நாலு, ஐந்து, வெயில் கடுத்தால் பத்து என்று வலிப்பு வந்த பிள்ளை அவள். கபுறில் வைத்த நாளிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. இரண்டாம் வாரத்தில் கரண்டியைத் தானாகவே பிடித்தாள். ஹஜ்ஜுப் பெருநாளன்று மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு வேலிப் படலைவரை நடந்தாள். பிறகொரு நாள் கடற்கரைக்குப் போய், வெள்ளைக்காரர்கள் கைட்டில், அந்தப் பெரிய துணிப் பட்டத்தில், தொங்கிக்கொண்டு தண்ணீர்மேல் வழுக்கிப் போவதைப் பார்த்துக் கைதட்டினாள்.

இவ்வளவும் இன்சாபின் போனில் திகதி, நேரத்தோடு ஒழுங்காகப் பதியப்பட்டிருந்தன. பதிந்தவன் இன்சாப். நம்பியது ஸ்கொட்லாந்தில் ஓர் ஆய்வுகூடம்.

இன்சாப் பொய் சொல்லும் மனிதன் அல்ல. தையற்காரன்தான், ஆனாலும் தையற்காரர்கள் சொல்லும் "நாளைக்குத் தாறன்" என்பதை ஊரில் யாரும் பொய்க்கணக்கில் சேர்ப்பதில்லை. முந்தி பள்ளிக்கூடச் சீருடை தைத்தான். ஆலங்குடாவின் காற்றை வெளிநாட்டுக்காரர்கள் கண்டுபிடித்த பிறகு கிழிந்த கைட்டுகளைத் தைக்கிறான். அந்தக் காற்று அதற்கு முன்னும் அங்கேதான் அடித்தது. அதற்கு யாரும் காசு தரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் கொழும்பில் பெரிய டொக்டர் ஒருவர் ஸம்ஹாவின் இரத்த அறிக்கையை வைத்துக்கொண்டு, பரம்பரையலகு ஒன்றில், ஜீனில், பிழை என்றார். உலகத்தில் பதினொரு பிள்ளைகளுக்குத்தான் இந்தப் பிழை இருப்பதாகத் தெரியும் என்றார். இன்சாபின் மனைவி ருஷ்தா கேட்டாள்.

"பதினொண்டுதான் உலகத்துக்கே எண்டா, அதுல ஒண்டு ஆலங்குடாக்கு வார பஸ்ஸ எங்க புடிச்ச டொக்டர்?"

அதற்கு டொக்டரிடம் இருந்தது ஒரு தொலைபேசி இலக்கம். எமிலியாவுடையது.

எமிலியா முந்தலைச் சேர்ந்தவள். தகப்பன் இறால் வளர்த்து அவளைப் படிப்பித்தார். இப்போது ஸ்கொட்லாந்தில் பிள்ளைகளின் தோலிலிருந்து மூளைக் கலம், அதாவது மூளை உயிரணு, வளர்க்கிறாள். லீவில் வந்திருந்த நேரம் அவளே வீட்டுக்கு வந்து, தரையில் விரித்துக் கிடந்த கைட் துணிகளுக்கு நடுவே சம்மணம் கொட்டி உட்கார்ந்து, இன்சாபை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டு விளக்கினாள்.

"நானா, சேர்ட் ஒண்டத் தையல் பிரிச்சா என்ன வரும்?"

"துணி."

"அந்தத் துணில களுசான் தைக்கலாமா?"

"அளவு காணுமெண்டா தைக்கலாம்."

"அவ்வளவுதான். ஸம்ஹாட தோலப் பிரிச்சு மறுகா வெறுந்துணியாக்கிறம். அதுக்குத்தான் மூலக்கலம் எண்டு பேர். அந்தத் துணில மூளைக் கலம் தைக்கிறம்."

"மூளக்கு ஆரு அளவெடுக்கிற?"

"அளவு கலத்துக்குள்ளயே எழுதி இருக்கு. ஸம்ஹாட அளவு. அதுல இருக்கிற பிழையும் சேர்த்து. பிள்ளைக்கு ஒரு மருந்தக் குடுத்துப் பாக்க முதல், அதுக்குக் குடுத்துப் பாக்கலாம்."

அரை அரிசி அளவு தோலை ஸம்ஹாவின் மேற்கையிலிருந்து எடுத்தார்கள். ஒன்பது பக்கக் கடுதாசி ஒன்றில் இன்சாப் கையெழுத்திட்டான். ஆறாம் பக்கத்தில் கையெழுத்துக்கான கோடு இருந்தது. கோட்டைக் கண்டால் கடுதாசி அதோடு முடிந்தது என்று நினைக்கிற சாதியைச் சேர்ந்தவன் அவன். கோட்டுக்கு மேலே இருந்த வரி மட்டும் அவனுக்கு மனப்பாடம்: பங்குபற்றுநர் ஆய்விலிருந்து விலகினால் மாதிரிகள் அழிக்கப்படும்.

எட்டு மாதத்தில் படம் வந்தது. கண்ணாடித் தட்டு, ரோஸ் நிறத் தண்ணீர், அதில் மைசூர்ப் பருப்புப்போல ஒன்று. ருஷ்தா போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"மூக்கு உங்கட பக்கம்தான்," என்றாள்.

அதற்குத் தினமும் சாப்பாடு ஊற்றுகிறோம் என்று எமிலியா சொன்னபோது, சாப்பாட்டில் என்ன இருக்கிறது, ஹலாலா என்று இன்சாப் கேட்டான். பதில் வர மூன்று நாள் ஆயிற்று. கம்பனிக்கு எழுதிக் கேட்டாளாம். முந்தி கன்றுக்குட்டி இரத்தத்தில் செய்வார்கள், இப்போது அது இல்லை, நானா பயப்பட வேண்டாம். இன்சாப் மூச்சு விட்டான். பருப்பளவு என்றாலும் பிள்ளை பிள்ளைதானே.

அவன் செய்யவேண்டிய வேலை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஐந்தரைக்குப் போன் மணி அடிக்கும். இன்று எத்தனை வலிப்பு? வலிப்புக்கான மருந்துக் குளிசை கொடுத்தீர்களா? வேறு ஏதும்? மூன்று கேள்விக்கும் எழுதி அனுப்பவேண்டும். பிள்ளையின் கணக்கையும் தட்டின் கணக்கையும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

மே மாதம் பன்னிரண்டாம் திகதி விடிய, ஸம்ஹா எழும்பவில்லை. இப்படியான பிள்ளைகள் சிலவேளை நித்திரையிலேயே போய்விடும் என்று பிறகு சொன்னார்கள். முதலே சொல்லாததற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள்.

மையித்தைக் குளிப்பாட்டிய பக்கத்து வீட்டு ஜெமீலா மாமி வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே ருஷ்தாவிடம் கேட்டாள்.

"கைல சின்னத் தழும்பொண்டு இருந்திச்சே, என்ன அது?"

"டொக்டர்மார் தோல் எடுத்த மாமி."

"எடுத்தத என்ன செஞ்சாங்க? பொதச்சாங்களா? வெட்டின நகத்தையும் சும்மா எறிய மாட்டோமே நாங்க. ஒடம்புல இருந்து வந்தது மண்ணுக்குத்தான் போகணும்."

ருஷ்தாவுக்கு அது காதில் விழவில்லை. கதவோரம் நின்ற இன்சாபுக்கு விழுந்தது. கபன் துணிக்குள் வராத அரை அரிசி ஒன்று கடல் தாண்டி உயிரோடு இருப்பது அவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். மண் ஒட்டிய காலோடு வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார, போன் அடித்தது. ஐந்தரை. இன்று எத்தனை வலிப்பு?

இன்சாப் 0 என்று எழுதினான். உண்மை. குளிசை? கொடுக்கவில்லை. அதுவும் உண்மை. வேறு ஏதும்? "நன்றாகத் தூங்குகிறாள்" என்று எழுதினான். அன்றைய பதிவில் பொய்யென்று ஒரு எழுத்தைக் காட்டச் சொன்னால் யாராலும் காட்ட முடியாது.

மறுநாள் சொல்லிவிடத்தான் நினைத்தான். ஆறாம் பக்கம் தடுத்தது. விலகினால் அழிக்கப்படும். மௌத்தை விடப் பெரிய விலகல் உலகத்தில் என்ன இருக்கிறது? சொன்னால் ஸ்கொட்லாந்தில் அழிப்பார்கள். தட்டைப் பற்றி ஊரில் சொன்னாலோ, கொண்டுவந்து அடக்கச் சொல்வார்கள். எந்தப் பக்கம் வாயைத் திறந்தாலும் மகள் இரண்டாம் தரம் மௌத்தாவாள். ஒரே வருடத்தில் ஒரு பிள்ளையை இரண்டு தரம் பறிகொடுக்க அவனால் முடியாது. எனவே யாருக்கும் சொல்லவில்லை. போனில் எழுதிக்கொண்டிருப்பதை ருஷ்தாவுக்கும்தான்.

சரி, பொய்தான் எழுதுகிறாய், பொருத்தமாக எழுதலாமே? நாளுக்கு நாலைந்து வலிப்பு என்று போட்டிருந்தால் ஸ்கொட்லாந்தில் ஒரு நாயும் குரைத்திருக்காது. போட்டுப் பார்த்தான். முதல் வாரம் ஒரு நாள் 3 என்று அடித்தான். விரல் கூசியது. மௌத்தானவர்களைப் பற்றி நல்லதைத்தான் பேசவேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஓதிக் கொடுத்த ஊர் அது. வட்டிக்காரன் செத்தால்கூட அவன் வளர்த்த ஆட்டைப் பற்றி நல்லதாகச் சொல்லிவிட்டு எழும்புவார்கள். கபுறுக்குள் நிம்மதியாகக் கிடக்கிற பிள்ளைக்கு மேலே வெளியில் இருந்துகொண்டு மூன்று வலிப்பைத் தூக்கிப் போடுவதா? 3 ஐ அழித்து 0 ஆக்கினான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. நல்லதை மட்டும் எழுதினான். நல்லது எழுத எழுதக் கூடியது.

குளிசைக் கேள்விக்கு மட்டும் அவனால் பொய் எழுத முடியவில்லை. கொடுக்காத மருந்தைக் கொடுத்தேன் என்பதா? மருந்து விசயத்தில் விளையாடக்கூடாது. எனவே நூற்று நான்கு நாளும் "கொடுக்கவில்லை" என்று நேர்மையாக எழுதினான்.

ஒரு தகப்பனின் பாசத்தையும் நேர்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது விஞ்ஞானமாகிவிடும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்கொட்லாந்தில் அதை வாசித்தவர்களுக்குத் தெரிந்தது இதுதான்: குளிசையை நிறுத்தினார்கள், அன்றே வலிப்பு நின்றது, பிள்ளை நடக்கிறது. எமிலியாவின் குரல்பதிவுகள் வரத் தொடங்கின. "நானா, டொக்டர்தான் குளிசைய நிப்பாட்டச் சொன்னாரா?" "நானா, சாப்பாட்டுல ஏதும் மாத்தினீங்களா?" பொரிச்ச கீரிமீன் விரும்பிச் சாப்பிடுகிறாள் என்று இன்சாப் எழுதினான். அந்தக் கீரிமீனைப் பற்றி அங்கே ஒரு கூட்டம் நடந்ததாம். கடைசியில் ஒரு நாள்: "நானா, என்னையே வரச் சொல்லிட்டாங்க. திங்கட்கிழமைக்கு முதல் பிள்ளையப் பாக்கணும்."

அவள் வருகிற நாள் இன்சாப் ருஷ்தாவைக் கற்பிட்டியில் அவள் தாத்தா என்று கூப்பிடும் அக்கா வீட்டுக்கு அனுப்பிவைத்தான். வெள்ளைக்காரன் ஒருவனின் பெரிய கைட் வருகிறது, வீடு முழுக்க விரிக்கவேண்டும் என்றான். ருஷ்தா அவன் முகத்தைப் பார்த்தாள், பர்தாவைப் போட்டுக்கொண்டு போனாள்.

பதினொரு மணிக்கு எமிலியா முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினாள். கையில் பஞ்சு அடைத்த ஒரு செம்மறிப் பொம்மை.

"ஸம்ஹா எங்க நானா?"

"உம்மாவோட கற்பிட்டிக்குப் போன மிஸ்."

"எப்பிடி? தூக்கிக்கொண்டா?"

"பஸ்ஸில."

"பஸ்ஸிலயா!" எமிலியா கொப்பியை எடுத்து அதை எழுதினாள். கண் மினுங்கியது. பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தாள். "வீல் செயாரையும் காணல்ல. தேவயில்லாமப் போயிட்டா?"

"ஓம் மிஸ். தேவயில்லாமப் போயிட்டு."

அதை ருஷ்தா ஜூன் மாதம் நுரைச்சோலையில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். இன்சாப் எமிலியாவுக்குத் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனான்.

திரும்பி வரும்போது எமிலியா மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள். திரையில் மின்பதிவின் கறுப்புக் கோடுகள், ஒன்றின்கீழ் ஒன்றாக.

"நானா, எங்களுக்கு இதுதான் விளங்கல்ல. நானா எழுதினதப் பாத்து, நாங்களும் தட்டுல குளிசைய நிப்பாட்டினம். இது நிப்பாட்ட முதல்." கோடுகள் அமைதியாக, அங்கங்கே சின்னச் சின்ன முள்ளோடு ஓடின. "இது நிப்பாட்டின பிறகு."

இன்சாப் குனிந்து பார்த்தான். மெசினில் நூல் சிக்கி, ஊசி ஒரே இடத்தில் குத்திக் குத்தித் துணியைத் தின்பதைப்போல இருந்தது. எல்லாக் கோடும் ஒரே நேரத்தில் எழும்பின, ஒரே நேரத்தில் விழுந்தன, மறுபடி எழும்பின.

"இது ஆருட மிஸ்?"

"ஸம்ஹாட."

"எப்ப எடுத்த?"

"போன செவ்வாய்."

இன்சாப் நிமிரவில்லை. "அப்ப அவளுக்கு அங்க இன்னும் வலிப்பு வருதா?"

"தட்டுல வருது. ஒரு நாளைக்கு நாப்பது, நாப்பத்தஞ்சு. அதுக்குத்தானே நானா வச்சிருக்கிறம். வலிப்பு வராட்டி, மருந்து வேலை செய்யுதா எண்டு எப்பிடித் தெரியும்?"

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நூற்று நான்கு நாள் இன்சாப் காவல் இருந்தது இதற்குத்தான். கபுறில் அமைதியாகக் கிடக்கிறவளை விட்டுவிட்டு, நாளுக்கு நாற்பது தரம் துடிக்கிறவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

எமிலியா அவன் முகத்தைக் கவனிக்காமல் அடுத்ததைச் சொன்னாள்.

"தட்டுல குளிசைய நிப்பாட்டினா மோசமாகுது. ஸம்ஹாவுக்கு நிப்பாட்டினா சுகமாகுது. ரெண்டுல ஒண்டு பிழை. எங்கட பெரியவங்க நினைக்கிறாங்க, தட்டுதான் பிழை எண்டு. பிள்ளையே நடக்கிதே! இன்னொரு பிள்ளை இருக்கு நானா, வேற நாட்டுல, ஆறு வயசு. அதே பிழை, அதே குளிசை. வாற திங்கட்கிழமை அந்தப் பிள்ளைக்கும் நிப்பாட்டப் போறாங்க. அதுக்கு முதல் ஸம்ஹாவ ஒருக்கா நேரில பாத்துட்டுச் சொல்லு எண்டுதான் என்னை அனுப்பின."

வெளியே காற்று கூரைத் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வியாழக்கிழமை. நான்கு நாளைக்குள் அந்த ஆறு வயதுக்கு என்ன நடக்கும் என்பதை அந்தத் திரை அவனுக்குக் காட்டிவிட்டது. வாயைத் திறந்தால் ஆறாம் பக்கம். திறக்காவிட்டால் இன்னொரு வீட்டில் ஒரு விடியல்.

"மிஸ்," என்றான். "தட்டுத்தான் சரி."

"என்ன?"

"தட்டுத்தான் சரி. மத்ததெல்லாம் நான் தைச்ச."

எமிலியா சிரிக்கப் பார்த்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"மே பன்னெண்டு," என்றான் இன்சாப். "விடிய நாங்க எழுப்பப் போகக்குள்ள முடிஞ்சிட்டு."

அவள் கொப்பியைப் பார்த்தாள். பஸ்ஸில் போனது என்று தன் கையெழுத்தில் இருந்ததைப் பார்த்தாள். போனை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனாள். அங்கே நின்று ஆங்கிலத்தில் ஒருவரோடு, பிறகு இன்னொருவரோடு, வேகமாகக் கதைத்தாள். கதைத்து முடிந்த பிறகும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். திரும்பி வரும்போது முகம் சிவந்திருந்தது.

"திங்கட்கிழமை நிப்பாட்ட மாட்டாங்க," என்றாள். "நானா, ஏன்? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"ஆறாம் பக்கம் மிஸ். விலகினா அழிப்பீங்க எண்டு."

எமிலியா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ நானா. மௌத்தாகிறது விலகுறது இல்ல. எட்டாம் பக்கத்துல இருக்கு. பிள்ளை தவறினா வீட்டாரிட்ட கேப்பம், விருப்பமெண்டா தொடர்ந்து வச்சிருப்பம். ஒரே ஒரு கையெழுத்து."

எட்டாம் பக்கம். கோட்டைத் தாண்டி இரண்டு தாள் புரட்டியிருந்தால் போதும்.

அந்த நேரம் படலை திறந்தது. ருஷ்தா.

"தாத்தா வீட்ட பூட்டிட்டு எங்கயோ போயிருக்கா," என்று சொல்லிக்கொண்டே வந்தவள் வாசலில் நின்றாள். கைட்டையும் காணவில்லை, வெள்ளைக்காரனையும் காணவில்லை. எமிலியா இருந்தாள். மேசையில் ஒரு செம்மறி இருந்தது.

"எமிலியா புள்ளயா? எப்ப வந்த?" பிறகு செம்மறியைப் பார்த்தாள். "இது ஆருக்கு?"

ருஷ்தா புருசன் பக்கம் திரும்பினாள். "இவவுக்குத் தெரியாதா?"

"இப்பதான் சொன்ன."

எல்லாவற்றையும் சொன்னான். நின்றுகொண்டே சொன்னான். ருஷ்தா நின்றுகொண்டே கேட்டாள். பர்தாவைக் கழற்றவும் இல்லை.

"ஊருல ஆம்புளைங்க பொஞ்சாதிக்குத் தெரியாம இன்னொரு கலியாணம் செய்வாங்க," என்றாள் கடைசியில். "நீங்க எனக்குத் தெரியாம ஒரு புள்ள வளத்தீங்களா, ஸம்ஹாட வாப்பா?"

இன்சாப் தலை குனிந்தான்.

"எனக்கு ஒரு நாளைக்கு ஒண்டாவது சொல்லியிருக்கலாமே. நான் அங்க ஒரு மூலைல இருந்து அழுதுட்டிருக்கக்குள்ள, நீங்க இங்க அவவக் கடக்கரைக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

எமிலியா எழும்பி அவள் கையைப் பிடிக்கப் போனாள். ருஷ்தா அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் தரையில் உட்கார்ந்தாள். பர்தாவின் ஓரத்தால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தத் தட்டுல இருக்கிறதுக்கு நோவுமா புள்ள?"

"இல்ல தாத்தா. நோவு உணர ஓராள் வேணும். அதுல ஆள் இல்ல. கலம் மட்டும்தான்."

"அப்ப வலிப்பு ஆருக்கு வருது?"

"ஒருத்தருக்கும் இல்ல. வலிப்பு மட்டும் இருக்கு."

"அவட சிரிப்பு ஒண்டும் அதுல இல்லயா?"

"இல்ல தாத்தா."

"எங்களுக்கு மிஞ்சினது அவட வலிப்பு மட்டும்தான்," என்றாள் ருஷ்தா.

"நிப்பாட்டிடுங்க மிஸ்," என்றான் இன்சாப் திடீரென்று. "எட்டாம் பக்கம் வேணாம். வேணாமெண்டு கையெழுத்துப் போடுறன். அழிச்சிடுங்க. இங்க அனுப்ப ஏலுமெண்டா அனுப்புங்க, அவளோட வச்சு அடக்குறன்."

எமிலியா ஓம் என்று தலையாட்டினாள். அது அவளுடைய இரண்டு வருடம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் போகாமல் அதற்குச் சாப்பாடு ஊற்றியவள் அவள். என்றாலும் பையிலிருந்து படிவத்தை எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டு பெட்டிகள். வைத்திருக்கலாம், அழிக்கவேண்டும். தாய் தகப்பன் இருவரும் கையெழுத்திடவேண்டும்.

"அந்த ஆறு வயசுப் புள்ளைட பேர் என்ன?" என்று கேட்டாள் ருஷ்தா.

"பேர் சொல்லக்கூடாது தாத்தா. சட்டம்."

"பேர் தெரியாம எப்பிடி துஆக் கேக்கிற? சரி, அல்லாஹ்வுக்கு உங்கட சட்டம் ஒண்டும் இல்லத்தானே." படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "இது இருந்தா அந்தப் புள்ளைக்கு மருந்து கண்டுபுடிக்க ஏலுமா?"

"ஏலும் எண்டு சத்தியம் பண்ண மாட்டன். இது இல்லாட்டி ஏலாது."

ருஷ்தா முதல் பெட்டியில் கோடு போட்டாள். கையெழுத்திட்டாள். பேனையை இன்சாபிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"நாப்பது தரம் ருஷ்தா. ஒரு நாளைக்கு."

"நானும் கேட்ட."

"எனக்கு ஏலா."

"நீங்க அவவ நூத்தி நாலு நாள் சுகமா வச்சிருந்தீங்க. அது உங்களுக்கு. இது வேற ஒரு உம்மாக்கு." பேனையை அவன் விரல்களுக்குள் வைத்து மூடினாள். "வேலை முடிஞ்ச பொறகு அடக்கலாம். என்ன புள்ள, முடிஞ்ச பொறகு தருவீங்களா?"

"நானே கொண்டு வருவன் தாத்தா," என்றாள் எமிலியா. அதற்கு எத்தனை அனுமதி வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தும் சொன்னாள்.

இன்சாப் கையெழுத்திட்டான். தையற்காரனின் கையெழுத்து, எப்போதும் நேராக ஓடும். அன்று கோணியது.

போகுமுன் எமிலியா இன்னொன்று சொன்னாள், சொல்லத் தயங்கிச் சொன்னாள். அந்த நூற்று நான்கு பதிவும் ஆய்வில் இருக்கக்கூடாது. அவர்களாக அழிக்க விதி இடம் கொடுக்காது. எழுதியவரின் போனிலிருந்து எழுதியவரே எடுக்கவேண்டும். மொத்தமாக எடுக்கவும் முடியாது. ஒவ்வொரு நாளாக.

"இண்டைக்கே எண்டு இல்ல நானா."

"இண்டைக்கே செய்றன் மிஸ்."

முச்சக்கர வண்டி போனபிறகு இருவரும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நண்பகல் லுஹர் பாங்கு சொல்லி ஓய்ந்திருந்தது. இன்சாப் போனைத் திறந்து, நேற்றைய நாளை அழுத்தினான். நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது.

"நில்லுங்க," என்றாள் ருஷ்தா. "வாசிச்சுட்டு அழிங்க. எனக்கும் தெரியத்தானே வேணும்."

வாசித்தான். வலிப்பு இல்லை, குளிசை கொடுக்கவில்லை, மழை இருட்டைப் பார்த்துச் சிரித்தாள். அழித்தான். முந்தாநாள்: ஜெமீலா மாமி வீட்டுப் பூனையைத் துரத்திக்கொண்டு போனாள்.

"அந்தக் கள்ளப் பூனயத்தானே? நல்லாச் செஞ்ச," என்றாள் ருஷ்தா.

அழித்தான். இப்படியே பின்னோக்கிப் போனார்கள். கீரிமீனில் முள் எடுக்கப் பழகியது. சீப்பால் தலை இழுக்கும்போது அழாமல் இருந்தது. மஞ்சள் கவுன் கட்டையாகிவிட்டது, புதிது தைக்கவேண்டும் என்று எழுதியது. "கட்டையாகிற அளவுக்கு வளந்துட்டாளா?" என்று ருஷ்தா கேட்டாள். "ரெண்டு அங்குலம்," என்றான் தையற்காரன். அவள் தலையாட்டினாள். ஒவ்வொன்றுக்கும் போன் நிச்சயமா என்று கேட்டது. ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றார்கள்.

ஜூலை மூன்றை வாசிக்காமல் இன்சாப் நிறுத்தினான்.

"சொல்லுங்க."

போனை அவள் கையில் கொடுத்தான். ருஷ்தா வாசித்தாள். இன்று முதல்முதலாக ஒரு சொல் சொன்னாள், உம்மா என்றாள்.

பதினொரு வருடத்தில் ஸம்ஹா சிரித்திருக்கிறாள், முனகியிருக்கிறாள், பசித்தால் ஒரு சத்தம் போட்டிருக்கிறாள். சொல்லென்று ஒன்று அவள் வாயிலிருந்து வந்ததில்லை. ருஷ்தா அந்த வரியை இன்னொரு தரம் வாசித்தாள்.

"எப்பிடிச் சொன்ன?"

இன்சாப் அவளைப் பார்த்தான். அவள் கேலி செய்யவில்லை.

"மெதுவா," என்றான். "வாய மூடி, பொறகு தொறந்து."

"செஞ்சு காட்டுங்க."

அவன் உதட்டை மூடினான். முதல் தரம் காற்று மட்டும் வந்தது. இரண்டாம் தரம், "ம்மா," என்று வந்தது.

"எனக்கா சொன்ன?"

"உனக்குத்தான்."

"நான் எங்க இருந்த?"

"குசினில."

"எனக்குக் கேக்கல்லியே."

"மெதுவாத்தானே சொன்ன."

அது நியாயம்தான் என்பதுபோல ருஷ்தா தலையசைத்தாள். நிச்சயமாக அழிக்கவா என்ற கேள்வி திரையில் காத்துக்கொண்டிருந்தது. அவள் இன்சாபின் விரலைப் பிடித்து, தன் விரலை அதன்மேல் வைத்து, அழுத்தினாள்.

"ஜூலை ரெண்டு," என்றாள். "வாசிங்க."